நினைவில் ஒரு கோடை, நீரில் பல படகுகள்

மும்பைத் தமிழரைப் பற்றிய வரலாற்று எழுத்து பெரும்பாலும் உழைப்பின் வரலாறாகவே அமைந்திருக்கிறது. தாராவியின் தோல் பதனிடும் கொட்டகைகள், மாட்டுங்காவிலிருந்து கோட்டைப் பகுதி அலுவலகங்களுக்குச் சென்ற எழுத்தர்களும் தட்டெழுத்தாளர்களும், செம்பூரை அடுத்த டிராம்பேயின் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகள், சங்கங்கள், கோயில்கள், பள்ளிகள் என அந்த எழுத்து விரிகிறது. இவை அனைத்தும் தேவையான ஆய்வுகளே. ஆனால் இம்மக்கள் வேலை செய்யாத நாட்களில் என்ன செய்தார்கள் என்ற கேள்வி ஏறத்தாழ எழுப்பப்படாமலேயே இருக்கிறது. ஓய்வுக்கும் வரலாறு உண்டு. அது யாருக்குக் கிடைத்தது, எந்த ஆணையால் கிடைத்தது, யாருடைய உழைப்பின்மீது நின்றது என்று கேட்கத் தொடங்கினால், அதுவும் உழைப்பின் வரலாற்றிலேயே வந்து சேரும். இப்பதிவு அந்தக் கேள்வியை ஒரு சிறு பொருளை முன்வைத்து எழுப்புகிறது. அந்தப் பொருள் படகு.

டோம்பிவிலியில் வாழும் தமிழ்க் குடும்பங்களின் முதியோரிடமும் நடுவயதினரிடமும் பழைய கோடை விடுமுறைகளைப் பற்றிப் பேச்சுக் கொடுத்தால், சில செய்திகள் திரும்பத் திரும்ப வருவதைக் காணலாம். இரண்டு இரவு நீளும் ரயில் பயணம், தாத்தா வீட்டில் கூடிய பெரியப்பா சித்தப்பா பிள்ளைகள், மொட்டைமாடிப் படுக்கை, மாம்பழம், பிறகு ஏதோ ஓர் ஏரியில் எல்லோரும் ஒன்றாக ஏறிய ஒரு படகு. ஊர் மாறும், உதகை என்பார் ஒருவர், கொடைக்கானல் என்பார் மற்றொருவர், ஏற்காடு என்பார் வேறொருவர். படகு மட்டும் மாறுவதில்லை. இதில் வியப்பு என்னவென்றால், டோம்பிவிலியே நீரோரத்து ஊர். ரயில் நிலையத்தின் மேற்குப் புறமாக நடந்தால் உல்லாஸ் ஆற்றின் கழிமுகம் வந்துவிடும். அங்கும் படகுகள் நின்றன. ஆயினும் அந்தப் படகுகள் எவருடைய விடுமுறை நினைவிலும் இடம்பெறுவதில்லை. அருகிலிருந்த படகு மறக்கப்பட்டதும், ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பாலிருந்த படகு நினைவில் நின்றதும் ஏன்?

விடை தேட, முதலில் இந்தக் கழியின் வரலாற்றைப் பார்க்க வேண்டும். சஹ்யாத்ரி மலையில் பிறக்கும் உல்லாஸ் ஆறு கர்ஜத், பத்லாப்பூர் வழியாகக் கல்யாணை அடைந்து, அங்கிருந்து கடலின் ஏற்றவற்றத்துக்கு உட்பட்ட கழியாக விரிந்து, டோம்பிவிலியின் ஓரமாகச் சென்று, வசாய் வழியே அரபிக் கடலில் கலக்கிறது. மராத்தியில் இதைக் 'காடி' என்பர். டோம்பிவிலிக்கு அடுத்திருக்கும் கல்யாண் பண்டைய துறைமுகம். எரித்திரியக் கடலின் பெரிப்ளூஸ் அதைக் 'கல்லியேனா' என்று குறிப்பிட்டு, முன்பு முறையான சந்தை நகராக இருந்த அவ்விடத்தில் பின்னர் தடை ஏற்பட்டதையும், அங்கு வந்த கிரேக்கக் கப்பல்கள் காவலுடன் பரிகசாவுக்கு, அதாவது இன்றைய பரூச்சுக்கு, அனுப்பப்பட்டதையும் சொல்கிறது. கன்ஹேரிக் குடைவரைக் கல்வெட்டுகளில் கல்யாணைச் சேர்ந்த கொடையாளர்கள் இடம்பெறுகின்றனர். 6-ஆம் நூற்றாண்டில் காஸ்மாஸ் இண்டிகோபிளூஸ்தஸ் இத்துறைமுகத்தைப் பற்றி எழுதினார். 17-ஆம் நூற்றாண்டில் சிவாஜி தம் கடற்படைக்கான கப்பல் கட்டும் பணியை இக்கழியோரத்திலேயே தொடங்கினார். ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுகளாக இந்த நீர் வாணிகத்தின் நீராகவும் போரின் நீராகவும் இருந்திருக்கிறது.

ரயில் வந்தபின் இந்நிலை மாறியது. 1853 ஏப்ரல் 16 அன்று போரிபந்தரிலிருந்து தாணேவரை ஓடிய முதல் பயணிகள் ரயில், அடுத்த ஆண்டிலேயே தாணேக் கழியின் மீது எழுப்பப்பட்ட பாலங்களைக் கடந்து கல்யாணை அடைந்தது. அதன்பின் ஆட்களும் பண்டங்களும் நீர்வழியை நாட வேண்டிய தேவை குறைந்தது. கழிக்கு எஞ்சிய பெரும் பணி ஒன்றே ஒன்று: மணல். டோம்பிவிலி மேற்கில் மோட்டாகாவை ஒட்டியிருக்கும் கரைக்கு 'ரேத்திபந்தர்' என்று பெயர். ரேத்தி என்றால் மணல்; பந்தர் என்றால் துறை. பெயரிலேயே அவ்விடத்தின் பொருளாதாரம் அடங்கியிருக்கிறது. படகைக் கழியின் நடுவே நிறுத்தி, நீரின் அடிவரை மூங்கிலை ஊன்றி, அதைப் பிடித்துக்கொண்டு மூழ்கும் ஆள் வாளியில் மணலை நிரப்பித் தர, மேலே நிற்பவர்கள் அதை இழுத்துப் படகில் கொட்டுவர். நாள் முழுதும் மூழ்கி எழும் வேலை அது. பின்னர் உறிஞ்சு குழாய்கள் வந்தன. 2010-இல் பம்பாய் உயர் நீதிமன்றம் மாநிலத்தில் மணல் எடுப்பதற்கு இடைக்காலத் தடை விதித்தது. 2012-இல் உச்ச நீதிமன்றம், சிறிய குத்தகைகளுக்கும் சுற்றுச்சூழல் அனுமதி தேவை என்று தீர்ப்பளித்தது. அதற்குள் பல பத்தாண்டுகளின் மணல் கரையேறிவிட்டிருந்தது.

அந்த மணல் எங்கே போனது? மும்பையின் புறநகர்களுக்குப் போனது, டோம்பிவிலிக்கும் போனது. மாட்டுங்காவிலும் செம்பூரிலும் வாடகை நடுத்தரக் குடும்பங்களின் கைக்கு எட்டாமல் உயர்ந்தபோது, 1960-களுக்குப் பின் தமிழ்க் குடும்பங்கள் மத்திய ரயில்வேத் தடத்தையொட்டி வடகிழக்கே நகர்ந்தன. முலுண்டும் தாணேயும் கடந்து அவர்கள் வந்து சேர்ந்த ஊர்களில் டோம்பிவிலி முதன்மையானது. அவர்கள் குடிபுகுந்த அடுக்கு வீடுகளின் சுவர்களில் உறைந்திருப்பது கழியடி மணல். இவ்வகையில், டோம்பிவிலித் தமிழர் ஒவ்வொருவரும் அந்தப் படகுகளுக்குக் கடன்பட்டவர்கள். ஆனால் வீட்டுச் சாளரத்திலிருந்து பார்த்தவர்களுக்கு அவை படகுகளாகத் தோன்றவில்லை. லாரியைப் போல, சுமையேற்றும் வண்டிகளாகவே தோன்றின. கழியில் இறங்க வேண்டாம் என்பது பிள்ளைகளுக்குச் சொல்லப்பட்ட கட்டளை. சேறு, ஏற்றவற்றம், தொழிற்பேட்டையிலிருந்து வரும் கழிவு, இவற்றோடு தொழிலும் சாதியும் மொழியும் போட்ட கண்ணுக்குத் தெரியாத வேலியும் அந்தக் கட்டளைக்குள் இருந்தது.

இனி, தொலைவிலிருந்த படகுக்கு வருவோம். நீரில் குடும்பத்தோடும் நண்பரோடும் கூடிக் களித்தல் தமிழ் மரபில் புதிதன்று. பரிபாடலின் வையைப் பாடல்கள் முழுவதும் புனலாட்டே. புணை எனப்படும் தெப்பத்தைப் பற்றி நீராடும் காட்சிகள் சங்கப் பாடல்களில் உண்டு. ஆனால் அந்தக் களிப்பின் பருவத்தைக் கவனிக்க வேண்டும். அது புதுப்புனலின் பருவம். ஆறு பெருகி வரும் காலம். காவிரிக் கரையில் இன்றும் ஆடிப் பதினெட்டே நீருக்கான விழா. மதுரையில் திருமலை நாயக்கர் வெட்டிய மாரியம்மன் தெப்பக்குளத்தில் தெப்பத் திருவிழா நடப்பது தை மாதப் பௌர்ணமியில். அதிலும் தெப்பத்தில் ஏறுவது தெய்வம். மக்கள் கரையில் நின்று வடம் பிடிப்பர், வணங்குவர். சித்திரையிலும் வைகாசியிலும் தமிழ்நாட்டுச் சமவெளியின் ஆறுகளில் பெரும்பாலும் மணலே தெரியும். ஆகவே, கோடையில் படகேறிக் களிப்பது என்பது மரபான பருவ ஒழுங்குக்கு நேர் மாறானது. வறட்சிக் காலத்தில் நீர்க் களியாட்டம் வேண்டுமென்றால், முன்கூட்டியே தேக்கி வைத்த நீர் வேண்டும். அதுவும் வெயில் தாக்காத உயரத்தில் வேண்டும்.

அத்தகைய நீரை உருவாக்கியது குடியேற்ற ஆட்சி. உதகை ஏரியைக் கோயம்புத்தூர் ஆட்சியர் ஜான் சல்லிவன் 1823-இல் உருவாக்கத் தொடங்கினார். கொடைக்கானலில், மதுரை ஆட்சியராக இருந்த வெரே ஹென்றி லெவிஞ்ச் 1863-இல் ஓடைகளை அணையிட்டுத் தடுத்து ஏரியை அமைத்தார். அங்கு மிதந்த முதல் படகு தூத்துக்குடியிலிருந்து மலையேற்றப்பட்டது என்பர். கடற்கரை ஊரின் படகு ஒன்று ஏழாயிரம் அடி உயரத்து மலைக்குச் சுமந்து செல்லப்பட்ட காட்சியை எண்ணிப் பாருங்கள். அதைச் சுமந்தவர்களின் பெயர்கள் நமக்குக் கிடைப்பதில்லை. ஆட்சியரின் பெயர் கிடைக்கிறது. 1890-இல் அங்கே படகுக் குழாம் தோன்றியது. முதலில் அது வெள்ளையரின் கோடைக் களம். 1932-இல்தான் பொதுமக்களும் பயணிகளும் படகேற வழி திறக்கப்பட்டது. மலைச்சாலையும் ரயிலும் இத்திறப்புக்கு முன்னோடிகள். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு 1899-இலும் உதகைக்கு 1908-இலும் மலை ரயில் சென்றது. விடுதலைக்குப் பின், 1971-இல் தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகம் நிறுவப்பட்டது. 1984-இல் அது சென்னையை அடுத்த முட்டுக்காட்டில் படகு இல்லத்தைத் திறந்தது. ஆட்சியாளர் குடும்பங்களின் கோடை, இவ்வாறு நூறாண்டுக்கும் மேலான காலத்தில், படிப்படியாக நடுத்தரக் குடும்பங்களின் கோடையாயிற்று.

மும்பைத் தமிழர் அந்த ஏரிகளுக்கு வந்து சேர்ந்த வழியும் இதே போல் கட்டப்பட்டதே. 1871-இல் பம்பாயிலிருந்து வந்த தடமும் சென்னையிலிருந்து சென்ற தடமும் ராய்ச்சூரில் இணைந்தன. ஊர் திரும்புதல் என்பது அதன்பின் ஆண்டுதோறும் நினைத்துப் பார்க்கக்கூடிய செயலாயிற்று. ஆனால் நினைப்பதற்கும் செய்வதற்கும் இடையே சம்பளத்தோடு கூடிய விடுப்பும் பயணச் செலவும் இருக்கின்றன. 1956-இல் மத்திய அரசு தன் ஊழியருக்கு விடுப்புப் பயணச் சலுகையை அறிமுகப்படுத்தியது. இரண்டாண்டுக்கு ஒருமுறை சொந்த ஊருக்குச் சென்று வரலாம் என்பது அதன் அடிப்படை. பின்னாளில் நான்காண்டுத் தொகுதியில் ஒருமுறை நாட்டின் எந்த இடத்துக்கும் செல்லலாம் என்ற வாய்ப்பும் சேர்ந்தது. இந்த இரண்டு விதிகளையும் குடும்ப நினைவுகளோடு பொருத்திப் பாருங்கள். தாத்தா வீடு முதல் விதியின் பயன். உதகைப் படகு பெரும்பாலும் இரண்டாம் விதியின் பயன், அல்லது முதல் விதியின்கீழ் வந்தவர்கள் கைக்காசைச் சேர்த்து நீட்டிக்கொண்ட பயணத்தின் பயன். நாம் பாசத்தின் வரலாறு என்று நினைப்பதன் அடியில் ஓர் அரசாணை இருக்கிறது. இதனால் பாசம் சிறுத்துவிடுவதில்லை. அது எப்போது, எவ்வளவு நாள் கூடி வாழ முடிந்தது என்பது மட்டும் தெளிவாகிறது.

பள்ளி நாட்காட்டியும் இதில் பங்கு வகித்தது. மகாராஷ்டிரத்தில் பள்ளிகள் பொதுவாக ஜூன் நடுவில் திறக்கும். தமிழ்நாட்டில் ஜூன் தொடக்கத்திலேயே திறந்துவிடுவது வழக்கம். எனவே இரு மாநிலத்துப் பிள்ளைகளும் கவலையின்றிக் கூடியிருக்கக் கிடைத்தது மே மாதமே. நெல்லைப் பக்கத்துக் குடும்பங்களுக்கு வேறொரு தடையும் இருந்தது. அகலப் பாதையில் சென்னை சென்ட்ரலில் வந்திறங்கி, மூட்டை முடிச்சுகளோடு எழும்பூருக்குச் சென்று, மீட்டர் பாதை வண்டியைப் பிடிக்க வேண்டும். தென்மாவட்டத் தடங்கள் அகலப்படுத்தப்பட்ட பின்னரே இந்த இடைமாற்றம் மறைந்தது. கொங்கண் ரயில் தடம் 1998-இல் முழுமையாகத் திறக்கப்பட்டபோது பாலக்காட்டுத் தமிழருக்கும் பயணம் மாறியது. இத்தகைய செய்திகள் வெறும் ரயில் ஆர்வம் அல்ல என்பதைப் பின்னர்ச் சொல்கிறேன்.

இந்தக் கோடைக்கு வெளியே நின்றவர்களையும் எண்ண வேண்டும். தாராவியில் நாட்கூலிக்கும் துண்டுக் கணக்குக்கும் உழைத்த குடும்பங்களுக்குச் சம்பள விடுப்பு இல்லை. வேலை இல்லாத நாள் வருவாய் இல்லாத நாள். அவர்களும் ஊருக்குச் சென்றனர். கோயில் கொடை, திருமணம், இறப்பு ஆகியவை அவர்களை அழைத்தன. அந்தப் பயணம் கடமையின் பயணம். அதில் ஏரிக்கும் படகுக்கும் இடம் குறைவு. ஒரே நகரத்துத் தமிழர்க்குள்ளேயே கோடை இருவேறு பொருளைக் கொண்டிருந்தது. குடும்பத்துக்குள்ளும் இந்த வேறுபாடு உண்டு. பிள்ளைகள் விடுமுறை என்று நினைவுகூரும் மாதம், மருமகளாக ஊருக்கு வந்த தாய்மார்க்குப் பெரிய சமையலறையில் கூடுதல் வேலைக்கான மாதம். இருபது பேர் கூடிய வீட்டில் இருபது பேருக்கும் சமைத்தது யார் என்று கேட்டால் போதும். ஏரிப் படகின் தனிச்சிறப்பு இங்கேதான் எனக்குப் புலப்படுகிறது. அடுப்பில்லாத, எழுந்து சென்று எதையும் எடுத்துவர முடியாத, கையைச் சும்மா வைத்துக்கொண்டு உட்கார்ந்தே தீர வேண்டிய இடம் அது. அரைமணி நேரம் எல்லோரும் சமமாக அமர்ந்திருந்த இடம் நினைவில் அழுத்தமாகப் பதிவதில் வியப்பில்லை.

எல்லோரும் சமமாக அமர்ந்திருந்தார்கள் என்று எழுதும்போதே, துடுப்புப் போட்டவரை விட்டுவிட்டேன் என்பதை வாசகர் கவனித்திருக்கலாம். மனம் இயல்பாகவே அவரை விட்டுவிடுகிறது. இந்த இடத்தில், தமிழ் இலக்கியத்தின் நன்கறியப்பட்ட படகுப் பயணம் ஒன்றை நினைவுகூர்வது பொருந்தும். 1930-களில் பாரதிதாசன் நண்பர் குழாத்துடன் பக்கிங்காம் கால்வாயில் தோணியேறிச் சென்னையிலிருந்து மாமல்லபுரம் சென்றார். அப்பயணம் 'மாவலிபுரச் செலவு' என்ற பாடலாயிற்று. நண்பரும் நீரும் இயற்கையும் கூடிய மகிழ்ச்சிப் பயணம் அது. ஆயினும் கவிஞர் தோணியை நகர்த்தியவர்களின் பாட்டைக் காணத் தவறவில்லை. களிப்பின் நடுவே உழைப்பவரைக் கண்டு துணுக்குற்ற அந்தப் பார்வை, நம் குடும்ப நினைவுகளில் பெரும்பாலும் இல்லாத பார்வை.

அந்தக் கால்வாயின் கதையும் டோம்பிவிலிக் கழியின் கதையும் உடன்பிறந்தவை. 1806-இல் தொடங்கிய கால்வாய்ப் பணி, 1876 முதல் 1878 வரையிலான கொடும்பஞ்சத்தின்போது பஞ்ச நிவாரண வேலையாக விரிவுபடுத்தப்பட்டு, அப்போதைய ஆளுநர் பக்கிங்காம் பிரபுவின் பெயரைப் பெற்றது. பசித்தவர்கள் வெட்டிய வாய்க்கால் அது. விறகும் உப்பும் நெல்லும் அதில் சென்றன; காற்று இல்லாதபோது கரையில் நடந்தபடி ஆட்கள் கயிறு கட்டி இழுத்தனர். சாலையும் ரயிலும் பெருகியபின் கால்வாய் கைவிடப்பட்டது. நகருக்குள் அது சாக்கடையாயிற்று. அதன்மேலேயே பறக்கும் ரயிலின் தூண்கள் ஊன்றப்பட்டன. வேலைக்குப் பயன்பட்ட நீர், வேலை முடிந்தபின் எவருக்கும் வேண்டாத நீராகிவிடுகிறது. களிப்புக்கென்று ஒதுக்கப்பட்ட உதகை ஏரியும் முழுதாகத் தப்பவில்லை. அதன் ஒரு பகுதி நிரப்பப்பட்டு வேறு பயன்களுக்குச் சென்றது. நகரின் கழிவுநீரும் அதில் கலந்தது.

ஆய்வு மாணவர்க்கு இனி ஒரு முறையியல் செய்தி. 'அந்தக் கோடை' என்று ஒருவர் ஒருமையில் சொல்லும்போது, அது பெரும்பாலும் ஒரே கோடையாக இருப்பதில்லை. பத்துப் பன்னிரண்டு விடுமுறைகள் ஒன்றன்மீது ஒன்றாகப் படிந்து ஒரே கோடையாக இறுகியிருக்கும். ஓர் ஆண்டின் மாமரமும், வேறோர் ஆண்டின் படகும், இன்னோர் ஆண்டில் இறந்துபோன அத்தையின் குரலும் அங்கே ஒரே நாளில் நிகழும். இதைப் பொய் என்று ஒதுக்குவது பிழை. அப்படியே ஆவணமாக ஏற்பதும் பிழை. படிவுகளைப் பிரித்தெடுப்பதே நம் வேலை. அதற்குச் சிறு அடையாளங்கள் உதவும். எழும்பூருக்கு மாறிய நினைவு இருந்தால் அது பாதை அகலப்படுத்தப்படுவதற்கு முந்தைய பயணம். கொங்கண் வழியாக வந்தார்களென்றால் 1998-க்குப் பிந்தையது. துடுப்புப் படகா, மிதிபடகா, விசைப்படகா என்பது அடுத்த அடையாளம். புகைப்படம் கறுப்பு வெள்ளையா வண்ணமா, பின்புறத்தில் ஸ்டுடியோ முத்திரை உண்டா, பயணச் சலுகைக்காக அலுவலகத்தில் கொடுத்த விண்ணப்பத்தின் படி பழைய கோப்பில் கிடக்கிறதா என்று பார்க்க வேண்டும். ரயில் செய்திகள் வெறும் ஆர்வமல்ல என்று நான் சொன்னது இதனால்தான். இவ்வாறு பிரித்தெடுத்தால், ஒரே கோடைக்குள் எந்தெந்த ஆண்டுகள் விடுபட்டுள்ளன என்பதும் தெரியவரும். ஊருக்குப் போக முடியாத ஆண்டுகள் பெரும்பாலும் வேலைநிறுத்தமோ நோயோ கடனோ வந்த ஆண்டுகள். நினைவு அவற்றைத் தாண்டிச் சென்றுவிடும்; வரலாறு அங்கேதான் நிற்க வேண்டும்.

படகையும் படகோட்டியையும் மறப்பதற்கு ஒரு விலையும் உண்டு. அது நினைவோடு முடிவதில்லை. 2011 டிசம்பர் 25 அன்று பழவேற்காட்டில், விடுமுறை நாளைக் குடும்பமாகக் கழிக்க வந்தவர்கள் மீன்பிடிப் படகொன்றில் ஏறிச் சென்றனர். படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தனர். 2023 மே 7 அன்று, கோடை விடுமுறையின் நடுவே, கேரளத்தின் மலப்புறம் மாவட்டத்துத் தானூரில் சுற்றுலாப் படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தனர். அவர்களில் குழந்தைகள் பலர். ஒரே கூட்டுக் குடும்பத்தைச் சேர்ந்தவர்களும் பலர். அந்தப் படகு மீன்பிடிப் படகாக இருந்து உல்லாசப் படகாக மாற்றப்பட்டது. அளவுக்கு மீறி ஆட்களை ஏற்றியிருந்தது. இவ்விரு நிகழ்வுகளிலும் பொதுவாக இருப்பதைக் காணுங்கள். உழைப்புக்கென்று கட்டப்பட்ட படகு, அதன் வடிவமும் சுமையும் அறிந்த தொழில் அறிவிலிருந்து பிரிக்கப்பட்டு, களிப்புக்கான இருக்கையாக மட்டும் பார்க்கப்பட்டது. மீனவர் ஒருவர் தம் படகில் எத்தனை பேர், எந்தப் பக்கம், எந்தக் காற்றில் என்று பார்க்கும் பார்வை, சீட்டு வாங்கி ஏறும் கூட்டத்திற்கு இல்லை. ஏற்றுபவருக்கு அது வருமானத்தைக் குறைக்கும் பார்வை. குடும்பம் முழுதும் ஒரே படகில் ஏற வேண்டும் என்ற ஆசைதான் நம் நினைவுகளை இனிமையாக்கியது. அதே ஆசைதான் இழப்பையும் முழுக் குடும்பத்தின் இழப்பாக்கியது.

மும்பை நகரிலேயே நீரின் பருவத்தை மதிக்கும் பழைய ஒழுங்கு ஒன்று இன்னும் நடைமுறையில் இருக்கிறது. கேட்வே ஆஃப் இந்தியாவிலிருந்து மாண்ட்வாவுக்குச் செல்லும் பயணிகள் படகுகள் பருவமழைக் காலத்தில் நிறுத்தப்படுகின்றன. மேற்குக் கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை மீன்பிடித் தடைக்காலம். தமிழ்நாட்டின் கிழக்குக் கரையில் அதே 61 நாள் தடை ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. அதாவது, நாம் ஏரிகளில் படகேறிய அதே கோடை மாதங்களில், தமிழ்நாட்டுக் கடற்கரையில் விசைப்படகுகள் கரையில் நிற்கின்றன. ஒரு சமூகத்தின் படகுப் பருவம், அடுத்த சமூகத்தின் படகில்லாப் பருவம். இந்த ஒரு செய்தியே, கோடையும் படகும் என்ற இணைப்பு இயற்கையானதன்று, வகுப்பாலும் இடத்தாலும் அமைந்தது என்பதைக் காட்டப் போதுமானது.

இக்காலத்தில் டோம்பிவிலிக் குடும்பங்கள் படகேற உதகைவரை செல்ல வேண்டியதில்லை. தாணேயின் மாசுந்தா ஏரியில் மாலைதோறும் படகுகள் செல்கின்றன. கழியைக் கடக்க மோட்டாகாவுக்கும் மான்கோலிக்கும் இடையே பாலம் எழுந்துவிட்டது. ரேத்திபந்தர் என்ற பெயர் இருக்கிறது. மூங்கிலைப் பற்றி மூழ்கி எழுந்த தலைமுறை முதுமை அடைந்துவருகிறது. அலையாத்தி மரங்கள் இன்னும் கரையைப் பிடித்துக்கொண்டு நிற்கின்றன. கழியைக் காக்க வேண்டும் என்று இன்று குரல்கள் எழுகின்றன. அந்தக் கழியோடு நமக்கு உறவு உண்டு என்று சொல்ல வேண்டுமானால், அந்த உறவு எதனாலானது என்பதை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். நாம் அதில் நீந்தவில்லை, படகோட்டவில்லை; அதன் அடியிலிருந்து எடுத்த மணலால் எழுந்த வீடுகளில் வாழ்ந்தோம். அழகான ஏரிக்கு மட்டும் நன்றி சொல்லும் நினைவு, வீட்டைத் தந்த கழியை விட்டுவிடுகிறது.

மும்பைத் தமிழர் வரலாற்றை எழுத முனையும் மாணவர்களுக்கு என் வேண்டுகோள் எளியது. உங்கள் வீட்டுப் பரணில் இருக்கும் புகைப்படங்களையும் பயணச் சீட்டுகளையும் கோப்புகளையும் முதியோர் உயிரோடு இருக்கும்போதே எடுத்து அவர்கள்முன் வையுங்கள். ஆண்டைக் கேளுங்கள், யார் வந்தார்கள், யாரால் வர முடியவில்லை என்று கேளுங்கள், விடுப்பு எப்படிக் கிடைத்தது, செலவுக்குப் பணம் எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள், அன்று சமைத்தது யார் என்று கேளுங்கள். படகில் ஏறிய ஒவ்வொருவரின் பெயரையும் எழுதியபின், துடுப்பு யார் கையில் இருந்தது என்ற கேள்வியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பெயர் கிடைக்காமல் போகலாம். அந்த வெற்றிடத்தையும் குறித்து வையுங்கள். பிறகு ஒரு மாலை ரேத்திபந்தருக்குச் சென்று, அங்கே இன்னும் படகு வைத்திருப்பவரிடம் அவருடைய கோடைகளைப் பற்றிக் கேளுங்கள். இரண்டையும் ஒரே தாளில் எழுதும் நாளில்தான் டோம்பிவிலியின் கோடைக்கு ஒரு முழு வரலாறு கிடைக்கும்.